பழுதான பாகம் ஓர் ஆவணம்: இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றின் பின்புறம்

இந்தியத் தொலைக்காட்சி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பெட்டியின் முன்புறத்தைப் பற்றியவை. அரசின் ஒளிபரப்புக் கொள்கை, நிகழ்ச்சிகளின் உள்ளடக்கம், அவற்றைப் பார்த்த குடும்பங்கள் ஆகிய மூன்றும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. பூர்ணிமா மங்கேக்கர் 1999இலும் அர்விந்த் ராஜகோபால் 2001இலும் வெளியிட்ட நூல்கள், தேசியம், பாலினம், மதம், சந்தை ஆகியவற்றைத் தொலைக்காட்சியின் வழியே வாசிக்கும் முறைக்கு அடித்தளமிட்டன. அந்தக் கேள்விகள் முக்கியமானவை. ஆயினும் இத்தகைய எழுத்துகளில் பெட்டி வேலை செய்வது இயல்பான ஒன்றாகவே கொள்ளப்படுகிறது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களிலும் உதிரிபாகம் கிடைக்காத ஆண்டுகளிலும் அது இயல்பாக நிகழவில்லை. பின்மூடியைக் கழற்றியவர்களின் உழைப்பால் நிகழ்ந்தது. அவர்கள் விட்டுச்சென்ற ஆவணங்கள் நூலகங்களில் இல்லை. கழற்றிப்போட்ட பாகங்களில் இருக்கின்றன.

தொடக்கத்திலிருந்தே இந்தச் சிக்கல் இருந்தது. 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. 1967 ஜனவரி 26 அன்று 'கிருஷி தர்ஷன்' தொடங்கியபோது தில்லியைச் சுற்றியிருந்த 80 கிராமங்களில் பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. தனி வீட்டில் ஒரு பெட்டி பழுதானால் ஒரு குடும்பத்துக்கு இழப்பு. பொதுப் பெட்டி பழுதானால் அந்த ஊருக்கே தொலைக்காட்சி இல்லை. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடந்த செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையில் இது பன்மடங்கானது. ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2400 கிராமங்களில், கோழிக்கூட்டுக் கம்பிவலையால் அமைந்த பத்தடி அலைவாங்கிகளும் ஹைதராபாத்தின் ஈ.சி.ஐ.எல். தயாரித்த பெட்டிகளும் நிறுவப்பட்டன. நிகழ்ச்சிகளின் பொறுப்பு வானொலித் துறையிடமும் கருவிகளின் பொறுப்பு இஸ்ரோவிடமும் இருந்தன. இந்தச் சோதனை பொதுவாகச் செயற்கைக்கோளின் சாதனையாகவே நினைவுகூரப்படுகிறது. ஆனால் தொலைதூரக் கிராமமொன்றில் மாலையில் திரை ஒளிர்வதற்கு, வானத்திலிருந்த கருவி எவ்வளவு தேவையோ, தரையில் பழுது பார்ப்பவரும் அவ்வளவு தேவை.

அக்காலப் பெட்டிகளின் உள்ளமைப்பைச் சிறிது அறிந்தால்தான் அந்தப் பணியின் தன்மை விளங்கும். ஐரோப்பிய வடிவமைப்பைப் பின்பற்றிய வால்வுப் பெட்டிகளில், வால்வுகளின் சூடேற்றும் இழைகள் அனைத்தும் ஒரே தொடரில் இணைக்கப்பட்டிருந்தன. பழைய சீரியல் விளக்குகளைப் போல, ஓர் இழை அறுந்தால் எல்லா வால்வுகளும் அணைந்துவிடும். பத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிக் குமிழ்களில் எது குற்றவாளி என்பதை வெளிப்பார்வையில் சொல்ல முடியாது. மீட்டர் இருந்தால் ஒவ்வொன்றாக அளக்கலாம். இல்லாவிட்டால், நல்லது என்று தெரிந்த வால்வை ஒவ்வோர் இடத்திலும் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த நல்ல வால்வு எங்கிருந்து வரும்? பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வால்வுகளைத் தயாரித்தது. ஆனால் இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய பொருளாதாரத்தில் தேவையான எண் தேவையான நாளில் கிடைப்பது அரிது. வேறு காரணத்தால் செத்துப்போன இன்னொரு பெட்டியே பல கடைகளின் உண்மையான கிடங்கு.

1970களில் டிரான்சிஸ்டர் பெட்டிகள் பரவின. மும்பையில் 1972இலும், கல்கத்தா, சென்னை, லக்னோ ஆகிய நகரங்களில் 1975இலும் நிலையங்கள் தொடங்கின. பிலானியின் மைய மின்னணுப் பொறியியல் ஆய்வு நிறுவனம் உள்நாட்டு வடிவமைப்புக்கு உதவியது. ஈ.சி., ஜே.கே., வெஸ்டன், கிரவுன், டெக்ஸ்லா, அப்ட்ரான், கெல்ட்ரான், சென்னையின் டயனோரா, சாலிடேர் எனப் பல பெயர்களில் பெட்டிகள் வந்தன. சிறுதொழிலுக்கு ஊக்கமளித்த கொள்கையால் தயாரிப்பாளர்கள் பெருகினர். ஒரு நிறுவனத்தின் சர்க்யூட் பலகை இன்னொன்றுக்குப் பொருந்தாது. பல நிறுவனங்கள் சில ஆண்டுகளில் மறைந்தன. அவற்றின் பெட்டிகளோ வீடுகளில் தொடர்ந்து இருந்தன. அப்போது நிறுவனத்தின் இடத்தைப் பழுதுபார்க்கும் கடை ஏற்றது. பின்மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த சர்க்யூட் வரைபடத்தைக் கிழியாமல் எடுத்து வைத்தல், அதே மாதிரியில் செத்த பெட்டி ஒன்றைக் காயலான் கடையிலிருந்து வாங்கி வைத்தல், அதன் பாகங்களைத் தரம் பிரித்துப் பழைய டப்பாக்களில் சேர்த்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு கடையின் அறிவுச் சேகரம்.

இந்தச் சேகரத்தில் பழுதான பாகத்துக்குத் தனி இடம் உண்டு. இந்தியா ஏற்ற 625 வரி முறையில், மின்கற்றை திரையில் நொடிக்கு 15,625 முறை இடமிருந்து வலமாக ஓடித் திரும்ப வேண்டும். அந்த ஓட்டத்தை இயக்கும் டிரான்சிஸ்டரும் அதனுடன் இணைந்த ஈ.எச்.டி. டிரான்ஸ்ஃபார்மரும்தாம் பெட்டியில் மிகுந்த சுமை தாங்குபவை. வண்ணப் படக்குழாய்க்கு 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் தேவை. அது இங்கிருந்துதான் பிறக்கிறது. எனவே அடிக்கடி சாவதும் இந்த டிரான்சிஸ்டரே. அனுபவமற்றவர் அதைக் கழற்றிப் புதியதைப் போடுவார். சுவிட்சைத் தட்டிய நொடியில் அதுவும் செத்துவிடும். காரணம் வேறிடத்தில் இருக்கும்: காய்ந்துபோன எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர், கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்ட பற்றவைப்பு, சுருள் ஒன்றுக்குள் ஏற்பட்ட குறுக்குத் தொடர்பு. தேர்ந்தவர்கள் மின்வழியில் நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துப் பெட்டியை இயக்கினர். உள்ளே குறுக்குத் தொடர்பு இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்துடன் எரியும்; புதிய பாகம் பிழைக்கும். சில ரூபாய்ப் பல்பு, ஆய்வகக் கருவியின் வேலையைச் செய்தது.

இதில் ஒரு வரலாற்று முறையியல் அடங்கியிருக்கிறது. செத்த டிரான்சிஸ்டர் ஒரு சாட்சி. அது எவ்வாறு செத்தது என்பதிலிருந்து, அதைக் கொன்றது எது என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். திரையில் ஒரே ஒரு கிடைக்கோடு தெரிந்தால் செங்குத்து ஓட்டம் நின்றுவிட்டது என்று பொருள். படம் நான்கு புறமும் சுருங்கினால் மின்வழங்கலில் குறை. இவ்வாறு அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் அறிவு, ஆர். ஆர். குலாட்டியின் பாடநூல்கள் போன்றவற்றில் ஆங்கிலத்தில் இருந்தது; ஐ.டி.ஐ.களின் வானொலி, தொலைக்காட்சி மெக்கானிக் பிரிவில் கற்பிக்கப்பட்டது. ஆனால் மேசையில் அது தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் பேச்சாகவே கைமாறியது. ஒரு வட்டாரத்தின் மின்னழுத்தம் எந்தப் பாகத்தைத் தின்னும், எந்த நிறுவனத்தின் பலகையில் எந்த முனை முதலில் விடும் என்பவை எந்த நூலிலும் அச்சேறவில்லை. அந்தப் பேச்சுலகம் ஏறத்தாழ முழுவதும் ஆண்களுடையது என்பதையும் குறித்தாக வேண்டும். தொழிற்சாலைகளில் பாகங்களைப் பொருத்தும் வரிசைகளில் பெண்கள் பெருமளவில் இருந்தனர். பழுதுநீக்கும் மேசைக்கு அவர்கள் வந்து சேரவில்லை.

1982இல் வண்ண ஒளிபரப்பும் ஆசிய விளையாட்டுப் போட்டியும் வந்தன. 1984இல் ஒரு கட்டத்தில் நாளுக்கொன்று என்ற வேகத்தில் குறைந்த திறன் ஒளிபரப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. 1987 ஜனவரி 25 அன்று 'ராமாயண்' தொடர் தொடங்கியது. பெட்டிகளின் எண்ணிக்கை பெருகியபோது பழுதுகளும் பெருகின. ஞாயிறு காலைக்குள் பெட்டி தயாராக வேண்டும் என்ற வாடிக்கையாளரின் அவசரம் சனிக்கிழமை இரவில் கடைக்காரரின் மேசைக்கு வந்து சேரும். தில்லியின் லஜ்பத் ராய் சந்தை, மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, கல்கத்தாவின் சாந்தினி சந்தை, சென்னையின் ரிச்சி தெரு ஆகியவை இந்த அவசரங்களால் வளர்ந்த இடங்கள். தில்லியின் மின்னணுச் சந்தைகளை ஆராய்ந்த ரவி சுந்தரம், சட்டத்தின் ஓரத்தில் இயங்கிய மறுசுழற்சி நவீனம் ஒன்றை அங்கே இனங்கண்டார். அந்த நவீனத்தின் அடித்தளப் பொருள் புதிய கருவியன்று. பிரித்தெடுத்த பழைய பாகம்.

திரைப்பட புரொஜெக்டரின் வரலாறும் இதனுடன் இணைகிறது. 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியை வாங்கிக் கூடாரத்துடன் ஊர் ஊராகச் சென்ற சாமிக்கண்ணு வின்சென்ட் காலம் முதல், பயணத்தில் பழுது பார்க்கும் திறன் இன்றிக் கூடாரத் திரையரங்கு இயங்கியிருக்க முடியாது. 35 மி.மீ. புரொஜெக்டரின் இதயம், படச்சுருளை நொடிக்கு 24 முறை நிறுத்தி நகர்த்தும் சிலுவை வடிவச் சக்கரம். அது தேய்ந்தால் உள்ளூர்ப் பட்டறையில் கடைந்தெடுக்கலாம். ஒலித்தடத்தின் மீது ஒளி பாய்ச்சும் சிறுவிளக்கை மாற்றலாம். கார்பன் குச்சி விளக்கை எடுத்துவிட்டு செனான் விளக்கைப் பொருத்தலாம். மகாராஷ்டிரத்தின் கூடாரத் திரையரங்குகளைப் பதிவுசெய்த 'தி சினிமா டிராவலர்ஸ்' என்ற 2016ஆம் ஆண்டு ஆவணப்படம், இத்தகைய கைத்திறனின் இறுதி ஆண்டுகளைக் காட்டுகிறது. 2010களில் டிஜிட்டல் முறை வந்தபின் அந்தக் கருவிகள் பல இடங்களில் எடைக்குப் போயின. டிஜிட்டல் சினிமாவுக்கான பன்னாட்டுத் தரவரையறையின்படி, படத்தைத் திறக்கும் மறையாக்கத் திறவுகோல் உள்ள பகுதியை அத்துமீறித் திறந்தால் அந்தத் திறவுகோல் அழிந்துவிட வேண்டும். திறந்து பார்ப்பதே பழுதுநீக்குதலின் முதற்படியாக இருந்த காலம் போய், திறந்து பார்ப்பதே பழுதை உண்டாக்கும் காலம் வந்தது.

தட்டைத் திரையிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது, முழுமையாக அன்று. எல்.ஈ.டி. தொலைக்காட்சியின் பின்விளக்குப் பட்டைகளில் சிறு விளக்குகள் தொடரில் இணைக்கப்பட்டுள்ளன. ஒன்று அறுந்தால் அந்தத் தொடர் முழுவதும் இருளும், திரை கறுத்துவிடும், ஒலி மட்டும் கேட்கும். 1960களின் வால்வு இழைத் தொடரை அறிந்த ஒருவருக்கு இது பழகிய நோய். அவர் பட்டையைப் பிரித்து, செத்த விளக்கைக் கண்டுபிடித்து, உடைந்த வேறொரு திரையிலிருந்து எடுத்ததைப் பொருத்துகிறார். ஆனால் கண்ணாடியின் விளிம்பில் ஒட்டப்பட்ட மயிரிழை இணைப்புகள் விட்டுவிட்டால், சாதாரணக் கடையின் கருவிகளுக்கு அங்கே வேலையில்லை. கல்லூரி வகுப்பறைகளில் உள்ள டி.எல்.பி. புரொஜெக்டர்களின் படத்தில் நாளடைவில் பெருகும் வெள்ளைப் புள்ளிகளும் அத்தகையவை. ஒற்றைச் சில்லின் மீதுள்ள நுண்ணிய ஆடிகள் அசைய மறுப்பதன் விளைவு அது. சில்லையே மாற்றலாம், அதற்குள் சென்று எதையும் கேட்க முடியாது. பழுதான பாகம் இங்கே பேசுவதை நிறுத்திவிடுகிறது.

இந்த வரலாற்றை ஏக்கத்துடன் மட்டும் எழுதுவது நேர்மையாகாது. பழுதுநீக்கும் மேசையைத் தாண்டிய பெட்டி அடுத்துச் செல்லும் இடம் உடைப்புக் கூடம். படக்குழாயின் புனல் வடிவக் கண்ணாடியில் ஈயம் பெருமளவில் கலந்திருக்கிறது. தில்லியின் சீலம்பூரில் கருவிகள் வெறுங்கையால் பிரிக்கப்பட்டதும், மொராதாபாத்தில் சர்க்யூட் பலகைகள் உலோகத்துக்காக எரிக்கப்பட்டதும் பலமுறை பதிவாகியுள்ளன. தமிழ்நாட்டில் 2006 முதல் 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல வண்ணப் பெட்டிகள் இலவசமாக வழங்கப்பட்டன. குழாய்த் தொலைக்காட்சியின் இறுதிக் காலத்தில் வந்த அந்தப் பெட்டிகள் எத்தனை கைகளைக் கடந்து எங்கே உடைந்தன என்பது தனி ஆய்வுக்குரிய கேள்வி. ஒரு பெட்டி மேசையில் எத்தனை ஆண்டு கூடுதலாக வாழ்ந்ததோ, அத்தனை ஆண்டு அதன் ஈயம் எவருடைய கையையும் தொடவில்லை. உடைப்புத் தொழிலாளியின் உடல்நலமும் பழுதுநீக்குவோரின் திறனும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

சட்டம் இந்தக் கணக்கை ஒரு பக்கமாகவே எழுதுகிறது. மின்னணுக் கழிவுக்கான விதிகள் 2011, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் வகுக்கப்பட்டன. இவற்றில் இறுதியானது உற்பத்தியாளர், மறுசுழற்சியாளர் ஆகியோருடன், பழைய கருவிகளைப் புதுப்பிப்பவரையும் பதிவுசெய்யச் சொல்கிறது. ஆனால் ஒற்றை மேசையும் ஒரு பற்றவைப்புக் கோலும் கொண்ட கடைக்காரர் நடைமுறையில் இந்தப் பதிவேட்டுக்கு வெளியேதான் நிற்கிறார். பழுதுநீக்கும் உரிமை குறித்து 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு, உதிரிபாகமும் வழிகாட்டி நூல்களும் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கையை அரசின் பேச்சுக்குள் கொண்டுவந்தது. அந்த விவாதத்தில் நுகர்வோரின் உரிமை பேசப்படும் அளவுக்கு, பழுதுநீக்குவோர் சேர்த்துவைத்த அறிவு பேசப்படுவதில்லை.

அந்த அறிவு வேறொரு காரணத்துக்காகவும் தேவை. பழைய யூமேட்டிக் நாடாவில் பதிவான ஒளிபரப்பை இன்று பார்க்க, அந்த நாடாவை ஓட்டும் கருவி வேண்டும். அந்தக் கருவி ஓட, அதே வகையில் செத்த இன்னொரு கருவியின் பாகம் வேண்டும். அந்தப் பாகம் நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும். 2022 மார்ச்சுக்குள் தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி ஒளிபரப்பு ஏறத்தாழ முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த முறையை மேசையில் கையாண்ட தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. அருங்காட்சியகம் ஒரு பழைய பெட்டியைத் துடைத்து வைக்கும்போது, முன்புறம் மட்டுமே காப்பாற்றப்படுகிறது. பின்மூடியில் பென்சிலால் குறித்த மின்னழுத்த அளவுகள், நைந்த வரைபடங்கள், எண் எழுதிய டப்பாக்கள், அவற்றை விளக்கக்கூடிய மனிதரின் வாய்மொழி ஆகியவையும் ஆவணங்கள் என்று ஏற்று, அவர்கள் இருக்கும்போதே பதிவுசெய்வது ஊடக வரலாற்றுத் துறைகளின் உடனடிக் கடமை.