ஒரு வீட்டில் உண்பவர்கள்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருணாகலுக்குச் செல்லும் வீதியில் இருக்கிறது கலகெதர. சிங்களவரும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் சிற்றூர். சிங்களத்தில் 'கல' என்றால் கல்; 'கெதர' என்றால் வீடு. கண்டிப் பகுதிச் சிங்களவர் பலரின் முழுப்பெயரிலும் இந்தக் 'கெதர' இருக்கும். ஒருவர் யார் என்ற கேள்விக்கு, இன்ன வீட்டவர் என்று விடை சொல்லும் மரபு அது. ஒரே பாலைச் சேர்ந்த இருவர் காதலித்துச் சேர்ந்து வாழும்போது, ஒருவர் மற்றவரை ஊரார் முன் என்னவென்று சொல்வது? இக்காலத்துக் கேள்விதான்; ஆயினும் கண்டியின் பழைய மரபு அதற்குச் சிறிது வெளிச்சம் தருகிறது என்று நினைக்கிறேன்.

கண்டிய வழக்கில் மனைவி கணவனின் வீட்டுக்குச் செல்லும் மணம் 'தீக'. கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழும் மணம் 'பின்ன'. சகோதரர் ஒரு பெண்ணோடு கூடி வாழ்ந்த முறையும் இருந்தது. அதற்குச் சிங்களத்தில் வழங்கிய பெயரின் பொருள், 'ஒரே வீட்டில் உண்ணல்' என்பதாகும். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் இம்முறையைப் பதிவு செய்தார். பிள்ளைகள் இருவரையுமே தந்தை என்று அழைத்தனர் என்றும் எழுதினார். ஒருபால் உறவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் உறவுக்குப் பெயரிட்ட விதம் கவனிக்கத்தக்கது. அப்பெயர்கள் படுக்கையைச் சுட்டவில்லை. வீட்டையும் அடுப்பையும் சுட்டின.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1859ஆம் ஆண்டின் கண்டிய விவாகக் கட்டளைச் சட்டம் அந்தக் கூட்டு மணத்தைத் தடை செய்தது. 1883இல் வந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறான உடற்சேர்க்கை என்றொரு குற்றத்தை வகுத்தது. 365ஏ பிரிவு முதலில் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் 'ஆண்' என்ற இடத்தில் 'நபர்' என்று திருத்தினார்கள்; அந்த ஒரு சொல்லால் பெண்களும் குற்றவாளிகளாயினர். இப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் இலங்கை உயர்நீதிமன்றம் தீர்மானித்தது. எனினும் 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அது நிறைவேறவில்லை. இப்படியாக, இந்த உறவுக்குச் சட்டம் வைத்த பெயர் குற்றத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

செய்தி மேசையில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிய எனக்கு 'பார்ட்னர்' என்ற சொல் எப்போதும் தொல்லை கொடுத்தது. 'பங்காளி' என்றால் தாயாதி. 'பங்குதாரர்' என்றால் வியாபாரம். 'கூட்டாளி' என்றால் எங்கள் நாட்டில் சிநேகிதன். 'துணைவர்', 'துணைவி' என்பன மணமானவர்களை நினைவூட்டும். தமிழக அரசு 2022இல் இத்துறைக்கென ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. 'பால்புதுமையர்' போன்ற சொற்கள் அதில் உள்ளன. அவை ஒருவர் தம்மளவில் யார் என்று சொல்வன. அவர் இன்னொருவருக்கு யார் என்பது வேறு கேள்வி.

இது வெறும் மொழி ஆராய்ச்சியன்று. 2025 மே 22ஆம் திகதி சென்னை உயர் நீதிமன்றம் ஓர் ஆட்கொணர்வு மனுவில் தீர்ப்பளித்தது. தம் குடும்பத்தாரால் தடுத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை விடுவிக்கக் கோரி இன்னொரு பெண் தொடுத்த வழக்கு அது. மனுதாரர் தம்மை 'நெருங்கிய தோழி' என்றே குறிப்பிட்டிருந்தார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், அவருடைய தயக்கம் தங்களுக்குப் புரிகிறது என்று தீர்ப்பிலேயே எழுதினர். தடுத்து வைக்கப்பட்ட பெண் தாம் விரும்பியவரோடு செல்லலாம் என்றும், இரத்த உறவில்லாமல் தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பமே என்றும் கூறினர். அன்று அவருக்கு நீதி கிடைத்தது. ஆனால் பொலிஸ் நிலையத்தில், வைத்தியசாலை வாசலில், மரண வீட்டில், தோழி என்பவருக்கு என்ன உரிமை? பெற்றோர் கதவைச் சாத்தினால் தோழி வெளியேதான் நிற்க வேண்டும்.

சட்டம் வரட்டும், பிறகு சொல் பார்ப்போம் என்பவர்கள் சுயமரியாதைத் திருமணங்களை எண்ணிப் பார்க்கலாம். புரோகிதரின்றி மணந்தவர்கள் அதை 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்தம்' என்றனர். 1950களில் நீதிமன்றம் அத்தகைய மணம் செல்லாது என்றது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்றது. இடைப்பட்ட காலமெல்லாம் அவர்கள் தங்கள் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. சொல் முன்னே சென்றது. சட்டம் பின்னே வந்தது.

அந்த வட்டாரத்தில் புழங்கும் 'இணையர்' என்ற சொல் எனக்குப் பிடித்தமானது. அதில் ஆண் பெண் பேதமில்லை, மேல் கீழ் இல்லை. ஆயினும் தேர்வு என்னுடையதன்று. சேர்ந்து வாழும் இருவரே தீர்மானிக்க வேண்டியது அது. ஊராகிய நமக்கு இருப்பது சிறிய கடமைதான்: அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் சொல்கிறபடியே திருப்பிச் சொல்வது. ஒரு வீட்டில் உண்பவர்களை ஒரு வீட்டவர் என்று ஏற்பது கண்டி மலைநாட்டுக்குப் புதிதல்ல.