பார்வை 6/6, ஆனாலும் படிக்கச் சிரமமா? நம் பிள்ளைகளின் இரு கண்களும் சேர்ந்து வேலை செய்கின்றனவா?

பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடக்கும்போது பிள்ளையைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, சுவரில் தொங்கும் அட்டையில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள். கடைசி வரிவரை படித்துவிட்டால் "கண் நன்றாக இருக்கிறது" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். நாமும் நிம்மதி அடைந்துவிடுகிறோம். ஆனால் அதே பிள்ளை வீட்டில் புத்தகத்தை எடுத்தால் பத்து நிமிடத்தில் நெற்றியைத் தேய்க்கிறது. வரி தாவுகிறது. "தலை வலிக்குது" என்கிறது. மதரஸாவில் ஓதும்போது எழுத்துக்கு மேலும் கீழும் உள்ள குறிகளைத் தவறவிடுகிறது. நாம் அதைச் சோம்பேறித்தனம் என்கிறோம், செல்போன் பழக்கம் என்கிறோம்.

சில பிள்ளைகளுக்கு உண்மையான காரணம் வேறாக இருக்கலாம். ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே தெளிவாகப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து பார்க்கும்போதுதான் சிக்கல் வரும். சுவர் அட்டையை வைத்துச் செய்யும் சோதனையில் இது பெரும்பாலும் தெரிவதில்லை.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பகுதிக் குடும்பங்களுக்கு இந்தச் செய்தி கூடுதல் முக்கியம். தீப்பெட்டித் தொழிலில் சிறுவர்கள் வேலை செய்ததைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. இன்று 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பட்டாசு வேலையில் சேர்ப்பது சட்டப்படி குற்றம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பதில் நமக்குள் இப்போது கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் படிப்பு ஏறவில்லை என்று ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நின்றால், மற்ற ஊர்களைப் போல் அது வேலை தேடி அலைய வேண்டியதில்லை. அச்சகம், தீப்பெட்டி, பட்டாசு என்று வேலை வாசலிலேயே காத்திருக்கிறது. அதனால்தான் "படிப்பு வரவில்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன் கண்ணை முழுமையாகப் பார்த்துவிட வேண்டும் என்கிறோம்.

இரண்டு கண், ஒரே காட்சி

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. தூரத்தில் உள்ள பேருந்தின் பலகையைப் பார்க்கும்போது இரு கண்களும் ஏறக்குறைய நேராக இருக்கும். கையில் உள்ள புத்தகத்தைப் பார்க்கும்போது இரண்டும் மூக்கை நோக்கிச் சற்று உள்ளே திரும்ப வேண்டும். அதே நேரத்தில் கண்ணுக்குள் உள்ள லென்ஸ் கிட்டப் பார்வைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு வேலைகளும் ஒத்துப்போனால்தான் மூளை இரண்டு படங்களையும் ஒன்றாக்கும். எது பக்கம், எது தூரம் என்ற ஆழமும் அப்போதுதான் துல்லியமாகத் தெரியும்.

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. சிறு சிறு தாவல்களாக நகர்கிறது. ஒவ்வொரு தாவலுக்கும் இடையே நொடியின் ஒரு சிறு பகுதி நின்று எழுத்தை வாங்கிக்கொள்கிறது. வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் பெரிய தாவலாகத் தாவுகிறது. இரு கண்களும் ஒரே இடத்தில் போய் இறங்கத் தவறினால் எழுத்து இரண்டாகத் தெரியும், மங்கும், அசைவதுபோல் இருக்கும்.

இந்த ஆராய்ச்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைஸம், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' என்ற ஒளியியல் நூலில் இரு கண் பார்வையைச் சோதித்துப் பார்த்து விளக்கியிருக்கிறார். ஒரு பலகையின் முனையை மூக்கருகே வைத்து, அதன் மேல் சிறு பொருள்களை நிறுத்தி, ஒன்றை உற்றுப் பார்க்கும்போது முன்னும் பின்னும் உள்ள மற்றவை இரண்டாகத் தெரிவதைக் காட்டினார். இன்றும் கண் பயிற்சியாளர்கள் ஒரு கயிற்றில் மணிகளைக் கோத்து, அதன் ஒரு முனையைப் பிள்ளையின் மூக்கருகே பிடித்து, ஏறக்குறைய இதையேதான் செய்ய வைக்கிறார்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடந்த ஆய்வு

இது நமக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டு நோய் என்று நினைக்க வேண்டாம். சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஜமீல் ரிஸ்வானா ஹுசைன்தீனும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டின் நகர்ப்புற, கிராமப்புறப் பள்ளி மாணவர்களிடம் இந்தக் குறைபாட்டைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். 7 முதல் 17 வயதுவரை உள்ள 920 பிள்ளைகளின் முடிவுகள் 2017-இல் வெளியாயின.

மாறுகண் இல்லாமலேயே இரு கண் ஒத்துழைப்பில் கோளாறு உள்ள பிள்ளைகள் நகரத்தில் 31.5 சதவீதம், கிராமத்தில் 29.6 சதவீதம். பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர். அவற்றில் மிக அதிகமாகக் காணப்பட்டது, கிட்டத்தில் பார்க்கும்போது கண்கள் போதுமான அளவு உள்ளே குவியாத குறைபாடு: நகரத்தில் 16.5 சதவீதம், கிராமத்தில் 17.6 சதவீதம். ஆண், பெண் வித்தியாசம் இல்லை. 7 முதல் 12 வயதுவரை உள்ளவர்களைவிட 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களிடம் அதிகம் இருந்தது. பாடச்சுமை கூடி, எழுத்தும் சிறிதாகும் வயது அது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் அதற்குள்தான் வருகின்றன.

இந்தக் கோளாறு உள்ள எல்லாருக்கும் சிகிச்சை தேவைப்படும் என்று அர்த்தமில்லை. தொந்தரவு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

வீட்டில் எதைக் கவனிக்கலாம்?

- படிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வது, அல்லது கையால் மறைத்துக்கொள்வது
- வரி தவறுவது, ஒரே வரியைத் திரும்பப் படிப்பது, விரல் வைக்காமல் படிக்க முடியாமல் இருப்பது
- மாலையில், குறிப்பாகப் படித்த பிறகு, தலைவலியும் கண்வலியும் வருவது
- எழுத்து இரண்டாகத் தெரிகிறது, ஓடுகிறது என்று சொல்வது
- தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பது
- பந்தைப் பிடிக்கத் தடுமாறுவது, படியில் கால் வைக்க யோசிப்பது

ஒரு சிறு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். பென்சிலின் நுனியைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே ஒரு முழத் தூரத்தில் பிடித்து, மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். "இரண்டாகத் தெரிந்தால் சொல்" என்று சொல்லிவிட்டுக் கண்களைப் பாருங்கள். நல்ல கண்கள் மூக்குக்கு மிக அருகில் வரும்வரை சேர்ந்தே உள்ளே திரும்பும். அரை அடிக்கு முன்பே இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு கண் வெளியே நழுவினாலோ, ஆப்டோமெட்ரிஸ்டிடம் காட்டுங்கள். இது நோயை உறுதிப்படுத்தும் சோதனை அல்ல. டாக்டரிடம் போக வேண்டுமா என்று தெரிந்துகொள்ள மட்டுமே உதவும்.

பரிசோதனைக்குப் போகும்போது "பவர் பாருங்கள்" என்று மட்டும் சொல்லாமல், "கிட்டத்தில் படிக்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்" என்று கேளுங்கள். கேட்டால்தான் பல இடங்களில் செய்வார்கள்.

பயிற்சி எவ்வளவு பலன் தரும்?

கண் குவியாத குறைபாட்டுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவையில்லை. அமெரிக்காவில் 9 முதல் 17 வயதுவரை உள்ள 221 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. வாரம் ஒரு மணி நேரம் மருத்துவமனையில் பயிற்சி, மற்ற நாட்களில் வீட்டில் சிறிது பயிற்சி என்று 12 வாரம் செய்தவர்களில் 73 சதவீதம் பேர் குணமடைந்தார்கள் அல்லது நல்ல முன்னேற்றம் கண்டார்கள். வீட்டில் பென்சில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் இது 43 சதவீதம். பெயருக்கு ஒரு பயிற்சி செய்தவர்களிலேயே 35 சதவீதம் பேர் தேறினார்கள். அதாவது பென்சில் பயிற்சியை மட்டும் நம்பியிருப்பதில் பெரிய லாபம் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சி கொடுத்தால் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடுமா என்று பார்த்த அடுத்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. பெயருக்குப் பயிற்சி செய்தவர்களைவிட உண்மையான பயிற்சி செய்தவர்களுக்கு அந்த மதிப்பெண் அதிகமாகக் கூடவில்லை. ஆகவே கண் பயிற்சி தலைவலியையும் இரட்டைப் பார்வையையும் போக்கிப் பிள்ளை சிரமமில்லாமல் உட்கார உதவலாம். பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையை அது செய்யாது. "கண் பயிற்சிக்கு வந்தால் மார்க் ஏறும்" என்று பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பதிலேயே சிரமப்படும் பிள்ளைக்குத் தனிக் கற்பித்தல் தேவைப்படலாம்.

மாறுகண் அதிர்ஷ்டம் அல்ல

கிராமங்களில் இன்றும் மாறுகண்ணை யோகம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். "வளர வளரச் சரியாகிவிடும்" என்பது இன்னொரு பேச்சு. பிறந்த முதல் சில மாதங்களில் குழந்தையின் கண் எப்போதாவது விலகுவது சாதாரணம். நான்கு மாதத்துக்குப் பிறகும் விலகினால் காட்ட வேண்டும். மூக்கின் அடிப்பகுதி அகலமாக இருப்பதால் மாறுகண்போலத் தோன்றும் குழந்தைகளும் உண்டு. அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கண் விலகி இருந்தால் இரண்டு கண்ணிலிருந்தும் வேறு வேறு படம் போகும். குழப்பத்தைத் தவிர்க்க மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கிவிடும். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தாலும் இதே நடக்கும். கண்ணில் நோய் எதுவும் இல்லாமலே அதன் பார்வை வளராமல் நின்றுவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். மறு கண் நன்றாகத் தெரிவதால் பிள்ளை எதுவும் சொல்லாது. பார்வை வளரும் காலத்தில் ஒரு கண்ணை மூடிவைத்தால் மூளையில் என்ன ஆகிறது என்று பூனைக்குட்டிகளிடம் கண்டறிந்த டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் இருவருக்கும் 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. வளர்ந்த பூனையின் கண்ணை அதேபோல் மூடினால் அந்தப் பாதிப்பு வரவில்லை. வயதுதான் இங்கே முக்கியம்.

சிகிச்சை எளிது: தேவையான கண்ணாடி, பிறகு நல்ல கண்ணைத் தினமும் சிறிது நேரம் ஒட்டி மறைப்பது. மிதமான குறைபாடு உள்ள, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தினம் 2 மணி நேரம் மறைப்பது 6 மணி நேரம் மறைப்பதற்கு இணையான பலன் தருகிறது என்று 2003-இல் வந்த ஆய்வு காட்டியது. ஏழு வயதுக்குள் தொடங்குவது நல்லது. தாண்டிவிட்டால் கைவிடவும் வேண்டாம்: 7 முதல் 12 வயதுவரை உள்ளவர்களில் கண்ணாடியோடு இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களில் 53 சதவீதம் பேருக்குப் பார்வை முன்னேறியது, கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம் பேருக்கு முன்னேறியது.

ஒரு எச்சரிக்கை. புகைப்படத்தில் குழந்தையின் கருமணி ஒன்று வெள்ளையாக மின்னினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். கண்புரையோ, கண்ணுக்குள் வரும் புற்றுநோயோ இப்படித் தெரியலாம். அந்தப் புற்றுநோய் சில நேரம் மாறுகண்ணாகவும் வெளிப்படும்.

பட்டாசுக் காயமும் பார்வை வளர்ச்சியும்

பட்டாசு செய்யும் ஊரில் வெடிக்காத வெடியைப் பொறுக்கி உரசிப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு. கண்ணில் அடிபட்டால் கருவிழியில் தழும்பு விழலாம், லென்ஸ் புரையாகலாம். பெரியவருக்குப் புரையை எடுத்து லென்ஸ் வைத்தால் பல நேரம் வேலை முடிந்துவிடும். சிறு பிள்ளைக்கு அப்படியல்ல. பார்வை மறைந்திருந்த மாதங்களில் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கப் பழகியிருக்கும். அறுவைக்குப் பிறகும் கண்ணாடி, நல்ல கண்ணை மறைத்தல், தொடர் பரிசோதனை எல்லாம் வேண்டும். பாதியில் விட்டால் அறுவையின் பலனே குறையும்.

வெடித்து அடிபட்ட கண்ணைக் கசக்கவோ, அழுத்தவோ, கழுவவோ கூடாது. தாய்ப்பால், எண்ணெய், களிம்பு எதுவும் விடக் கூடாது. கண்மேல் படாதபடி ஒரு காகிதக் கப்பால் மூடி உடனே கண் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. திருநெல்வேலியிலும் அரவிந்த் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாநில அரசின் கண்ணொளி காப்போம் திட்டமும், பிறப்பிலிருந்து 18 வயதுவரை பரிசோதிக்கும் மத்திய அரசின் சிறார் நலத் திட்டமும் இருக்கின்றன. பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டால் விவரம் கிடைக்கும்.

தடையாக இருப்பது பெரும்பாலும் ஒரு நாள் கூலிதான். அத்தாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீட்டில், பன்னிரண்டு வாரமும் மதுரைக்குப் போய் வருவது சாமானியம் அல்ல. இதை ஒவ்வொரு குடும்பமும் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. ஜமாஅத் மண்டபத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கண் முகாம் நடத்தலாம். முகாம் கேட்கும்போதே குழந்தைகளின் இரு கண் பார்வைச் சோதனையும் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். தொடர் சிகிச்சைக்குப் போகும் பிள்ளைகளை ஒரே நாளில் ஒரே வண்டியில் ஒருவர் பொறுப்பில் அனுப்பலாம். மதரஸா உஸ்தாதும் பள்ளி ஆசிரியரும் மேலே சொன்ன அறிகுறிகளைக் கண்டால் பெற்றோரிடம் சொல்லலாம்.

கடைசியாக, பெண் பிள்ளைகளைப் பற்றி. "கண்ணாடி போட்டால் நாளைக்குச் சம்பந்தம் வராது" என்று மறைத்துவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கண்ணாடியைப் பிறகுகூடக் கழற்றலாம், மாற்றலாம். ஐந்து வயதில் வளராமல் போன பார்வையை இருபது வயதில் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். ஆணோ பெண்ணோ, பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை, படிக்கச் சிரமப்படும்போது மறுமுறை, இரண்டு கண்ணையும் சேர்த்துப் பரிசோதித்துவிடுங்கள்.