திருத்துவோருக்கு ஒரு சங்கம்

புத்தகத்தில் பிழை இருந்தால் பிரதி திருத்தியவரைத் திட்டுவோம். இல்லாவிட்டால் அப்படி ஒருவர் இருந்ததே நமக்குத் தெரியாது. பிரிட்டனில் இவர்களில் பலர் ஒருகாலத்தில் பதிப்பக அலுவலகங்களிலேயே வேலை பார்த்தார்கள். புதிதாக வந்தவர் மூத்தவரின் திருத்தங்களைப் பார்த்தே தொழில் பழகினார். செலவைக் குறைக்க அந்த வேலை வெளியாட்களிடம் போனபோது, மாதச் சம்பளத்தோடு அந்தப் பள்ளிக்கூடமும் போயிற்று.

வீட்டில் தனியே உட்கார்ந்தவர்களுக்குப் பெரிய துணை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தின் ஜூடித் புட்சர் 1975இல் எழுதிய 'காப்பி எடிட்டிங்' கையேடு. மேற்கோள், அடிக்குறிப்பு, பொருளடைவு என எல்லாவற்றுக்கும் அதில் வழி உண்டு. ஆனால் இந்த வேலைக்கு எவ்வளவு கேட்கலாம் என்று கையேட்டிடம் விசாரிக்க முடியாதே!

அதற்குச் சக தொழிலாளர்கள் ஒன்றுகூட வேண்டும். அதில் கனடாக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்; அங்கே 1979இல் சுயதொழில் திருத்துநர்கள் சங்கம் கண்டார்கள். பிரிட்டனில் 1988இல் நார்மா விட்கோம்ப் முயற்சியில் அது நடந்தது. புட்சரே பின்னர் கௌரவத் தலைவரானார். பயிற்சி வகுப்புகள், ஊர்வாரிக் குழுக்கள், ஆண்டு மாநாடு என்று சங்கம் வளர்ந்தது. உறுப்பினராகச் சேர்ந்தால் மட்டும் போதாது. பயிற்சியையும் அனுபவத்தையும் காட்டித்தான் படிப்படியாக உயர்நிலை பெற வேண்டும். இந்தக் கறார்தான் சங்கத்துக்கு மதிப்பைத் தந்தது என்று சொல்லலாம்.

2019இல் அரச பட்டயம் கிடைத்தது. 2020 மார்ச்சில் சங்கம் பட்டய நிறுவனமாயிற்று. குறைந்தபட்சக் கட்டணத்தை அது இன்றும் பரிந்துரைக்க மட்டுமே செய்கிறது. பேரம் பேசுவது அவரவர் பாடு.