கத்தரிக்காயை நிறுத்தினோம்... பருத்திக்கொட்டையை?



போன மாதம் மதுரையிலிருந்து எங்கள் மாமா முத்தாபுதுப்பேட்டைக்கு வந்திருந்தார். கையில் ஒரு கிலோ பருத்திக்கொட்டை. அம்மா ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் ஆட்டி, பால் பிழிந்து, வெல்லம், சுக்கு, ஏலக்காய் எல்லாம் போட்டுப் பருத்திப்பால் காய்ச்சினார். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். அந்த வாரம்தான் மரபணு மாற்றப்பட்ட உணவைப் பற்றி வகுப்பில் பேசுவதற்காகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி: நான் குடித்தது எந்தப் பருத்தி?

பதில் தேடிப் போனால் அது 20 வருட வரலாறாக இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

பருத்தி வந்த கதை

மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா ஒரு புரதத்தை உண்டாக்கும். காய்ப்புழு அதைத் தின்றால் குடல் புண்ணாகிச் செத்துவிடும். அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பருத்திக்குள் வைத்தால் அதுதான் பி.டி. பருத்தி. 2001-ல் குஜராத்தில் அனுமதி இல்லாமலே அது வயல்களில் விளைந்து நிற்பது தெரியவந்து பெரிய பரபரப்பு. 2002 மார்ச் மாதம் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு, மஹிகோ நிறுவனத்தின் மூன்று ரகங்களுக்கு அனுமதி கொடுத்தது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. பருத்திதான்.

பருத்தி என்றால் நமக்கு வேட்டி சேலைதான் ஞாபகம் வரும். ஆனால் வயலிலிருந்து வரும் பருத்தியை ஜின்னிங் மில்லில் போட்டால் சுமார் ஒரு பங்கு பஞ்சு, இரண்டு பங்கு கொட்டை! அந்தக் கொட்டை எண்ணெய் ஆகிறது, பிண்ணாக்கு ஆகிறது, மாட்டுத் தீவனம் ஆகிறது. மதுரைப் பக்கம் பருத்திப்பால் ஆகிறது. துணிக்கு என்று வந்த பயிர் சமையலறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. யாரும் கதவைத் தட்டவில்லை.

கத்தரிக்காய் நின்ற கதை

கத்தரிக்காய் விஷயத்தில் நடந்ததே வேறு. அதே மரபணுவைக் கத்தரிக்குள் வைத்துத் தண்டு, காய்த் துளைப்பானைத் தடுக்கும் ரகங்களை உருவாக்கினார்கள். நம் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இந்த வேலையில் பங்கு பெற்றது. 2009 அக்டோபர் 14-ல் குழு ஒப்புதல் தந்தது. நாடு முழுக்க எதிர்ப்பு! அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் மக்கள் கருத்துக் கேட்டார். 2010 பிப்ரவரி 9-ல் காலவரையறை இல்லாமல் நிறுத்தி வைத்தார். பக்கத்து நாடான வங்கதேசம் 2013-ல் அதே கத்தரிக்கு அனுமதி கொடுத்து, 2014-ல் விவசாயிகள் பயிரிட ஆரம்பித்துவிட்டார்கள்.

கத்தரிக்காய்க்கு ஏழு ஊரில் கூட்டம். பருத்திக்கொட்டைக்கு ஒரு கூட்டமும் இல்லை. இரண்டும் வயிற்றுக்குள் போகிறதே!

அப்படியானால் அது விஷமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். சந்தையில் இருக்கும் மரபணு மாற்ற உணவுகள் பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டி வந்தவை, அவற்றால் ஆபத்து வர வாய்ப்பில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு உணவையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்றும் அதே நிறுவனம்தான் சொல்கிறது. ஏன் என்பதற்கு இரண்டு சம்பவங்கள்.

ஒன்று: பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் வைத்தபோது, அந்தக் கொட்டையின் ஒவ்வாமையும் சோயாவுக்கு வந்துவிட்டது. 1996-ல் ஆய்வு முடிவு வெளியானது. அந்தச் சோயா கடைக்கே வரவில்லை. சோதனை ஜெயித்தது.

இரண்டு: ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளத்துக்கு அமெரிக்காவில் கால்நடைத் தீவனமாக மட்டுமே அனுமதி இருந்தது. 2000-ல் அது மனிதர் சாப்பிடும் டாக்கோவில் கலந்திருப்பது தெரிந்து பொருட்களைத் திரும்பப் பெற்றார்கள். தீவனம் வேறு, உணவு வேறு என்று காகிதத்தில் எழுதிவிடலாம். குடோனில் அது நடக்காது. நம் பருத்திக்கொட்டைக்கும் இது பொருந்தும்தானே?

லேபிள் எங்கே?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-லிருந்து ஒரு பொருளில் 0.9 சதவீதத்துக்கு மேல் இருந்தால் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவே 2022-லிருந்து கட்டாயமாக்கிவிட்டது. இந்தியாவிலும் 2013 ஜனவரி 1 முதல் பாக்கெட்டின் முகப்பில் மேலே 'ஜி.எம்.' என்று போட வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் 2018-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் வாங்கிய 65 உணவுப் பொருட்களைச் சோதித்ததில் 32 சதவீதத்தில் மரபணு மாற்றம் தெரிந்தது. பெரும்பாலானவற்றின் லேபிளில் ஒரு வார்த்தை இல்லை. 2021-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 1 சதவீத வரம்போடு ஒரு வரைவு வெளியிட்டது. மரபணு மாற்றக் கடுகு வழக்கில் 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்பு சொன்னார்கள். ஆனாலும் இறக்குமதியாகும் மரபணு மாற்ற எண்ணெய்க்கு லேபிள் சட்டத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். இதெல்லாம் பாக்கெட்டைப் பற்றிய பேச்சு. மாமா வாங்கி வந்தது மூட்டையிலிருந்து அளந்து போட்ட கொட்டை. தள்ளுவண்டிப் பருத்திப்பாலுக்கு முகப்பு எங்கே, மேல்பக்கம் எங்கே? எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது புரதம் போய்விடும் என்கிறார்கள், சரி. கொட்டையை அப்படியே ஆட்டிப் பிழியும் பாலில்? அந்தக் கேள்வியை யாராவது கேட்டதாக நான் படித்தவற்றில் எங்கும் இல்லை.

என் கருத்து

பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்திருப்பீர்கள். அசைவத்துக்கு வேறு நிறம். அந்தக் குறி இருப்பதால் அசைவம் விஷம் என்று யாரும் சொல்வதில்லை. சாப்பிடுகிறவன் தெரிந்து சாப்பிடுகிறான், அவ்வளவுதான். ஜி.எம். லேபிளும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் பாதிச் சாப்பாடு பாக்கெட்டில் வருவதில்லை. அதனால் கணக்கு ஜின்னிங் மில்லில் இருந்தே தொடங்க வேண்டும்: மூட்டை எங்கே போகிறது, எண்ணெய்க்கா, மாட்டுக்கா, மனிதனுக்கா? மனிதனுக்கு என்றால் கத்தரிக்காய்க்குக் கேட்ட அதே கேள்விகளை இதற்கும் கேட்க வேண்டும்.

மாமாவுக்கு போன் செய்து, "இது பி.டி. கொட்டையா மாமா?" என்று கேட்டேன். "கடைக்காரனுக்கே தெரியாதுடா" என்றார். அவர் சொன்னது உண்மைதான். 2002-லிருந்து இதுதான் நிலைமை.

பருத்திப்பாலை நான் விடப்போவதில்லை, ருசி அப்படி! ஆனால் அடுத்த டம்ளரைத் தெரிந்து குடிக்க ஆசை. உங்கள் வீட்டு எண்ணெய் பாக்கெட்டை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பருத்தி எண்ணெய் என்று போட்டிருந்தால், 'ஜி.எம்.' என்ற இரண்டெழுத்தும் இருக்கிறதா என்று தேடுங்கள்.