சிறு அடியா, பெரிய அடியா? தகவமைப்பு பற்றிய மரபணுக் கோட்பாடுகள்

பரிணாமம் என்றவுடன் நம்மில் பலருக்குக் குரங்குதான் நினைவுக்கு வருகிறது. மனிதப் படைப்பு குறித்த வாதம் இக்கட்டுரையின் பொருள் அல்ல. ஓர் உயிரினக் கூட்டம் தன் சூழலுக்கு ஏற்பத் தலைமுறை தலைமுறையாக மாறுவதில் மரபணுவின் பங்கு என்ன என்று அறிஞர்கள் சொல்லி வந்ததையே இங்கு பார்க்கிறோம். நம் வீட்டுத் திருமணப் பேச்சு வரை வரும் விஷயம் இது.

1859-இல் டார்வின் இயற்கைத் தேர்வை விளக்கியபோது, பெற்றோரின் தன்மை பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. பாலும் டிகாஷனும் கலப்பதுபோல் இருவர் தன்மையும் கலந்துவிடும் என்பதே அன்றைய பொதுவான எண்ணம். அப்படியானால் ஒருவரிடம் புதிதாகத் தோன்றும் நல்ல தன்மை சில தலைமுறைகளில் நீர்த்துப்போகுமே என்று பொறியாளர் ஃப்ளீமிங் ஜென்கின் 1867-இல் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் விடை அதற்கு முந்தைய ஆண்டே அச்சாகிவிட்டது. தன்மைகள் கரைவதில்லை, தனித்தனி அலகுகளாகவே கடத்தப்படுகின்றன என்று பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் என்ற துறவி காட்டியிருந்தார். 1900 வரை அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அதன்பின் புதிய சண்டை மூண்டது. மெண்டலைப் பின்பற்றிய பேட்சன் போன்றோர், மாற்றம் பெரிய தாவல்களாக வருகிறது என்றனர். பியர்சன் தரப்போ, உயரம் போன்றவை சிறிது சிறிதாகவே மாறுகின்றன என்றது. பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறு பங்களித்தால் அத்தகைய தொடர்ச்சியான வேறுபாடு வரும் என்று 1918-இல் ஃபிஷர் கணக்குப் போட்டுக் காட்டினார். 1930-இல் அவர் இன்னும் ஒரு படி சென்றார். ஓரளவு சரியாக வைக்கப்பட்ட நுண்ணோக்கியின் திருகைச் சற்றே அசைத்தால் காட்சி தெளிவாகலாம். வேகமாகத் திருப்பினால் கெட்டுத்தான் போகும். ஆகவே சிறு மாற்றங்களே தகவமைப்பை உருவாக்குகின்றன என்றார்.

பல பத்தாண்டுகள் இதுவே பாடமாக இருந்தது. ஜப்பானியரான கிமுரா 1983-இல் ஓர் ஓட்டையைக் காட்டினார்: மிகச் சிறிய நன்மை தரும் மாற்றம், பரவும் முன்பே தற்செயலாக அழிந்துபோக வாய்ப்பு அதிகம். 1998-இல் ஆலன் ஓர் இரண்டையும் இணைத்தார். அவர் கணக்குப்படி, தகவமைப்பு தொடங்கும்போது சில பெரிய அடிகள். இலக்கை நெருங்க நெருங்கச் சிறு அடிகள்.

ஒரே பெரிய அடிக்கு மனிதரிடமே சான்று உண்டு, விலையும் உண்டு. தலசீமியா இவ்வளவு பரவியிருப்பது மலேரியாவிடமிருந்து காப்பதால் இருக்கலாம் என, பின்னாளில் இந்தியக் குடிமகனான ஹால்டேன் 1949-இல் எழுதினார். அரிவாள் செல் மரபணு அப்படிக் காப்பதை 1954-இல் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகளால் ஆலிசன் நிறுவினார். ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுவதன் விளைவு அது. ஒரு பிரதி இருந்தால் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. இரண்டு பிரதி இருந்தால் வாழ்நாள் நோய். நம் நீலகிரிப் பழங்குடியினரிடமும் இம்மரபணு இருப்பது 1952-இல் கண்டறியப்பட்டது.

ஒரு பிரதி மட்டும் உடையவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். தலசீமியாவில் அது சாதாரண இரத்தசோகை போலத் தோன்றுவதால், இரும்புச்சத்து மாத்திரையோடு விட்டுவிடுகிறோம். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி வராது என்று எண்ணுவது தவறு. நெருங்கிய உறவில் மணமுடிக்கும் குடும்பங்களில், இருவரும் ஒரே மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் இரத்தப் பரிசோதனை இதை வெளிப்படுத்தும். சவூதி அரேபியாவில் 2004 முதல் நிக்காஹுக்கு முன் இவ்விரு நோய்களுக்கும் பரிசோதனை கட்டாயம். முடிவை அறிந்தபின் மணமுடிப்பதா என்பது மணமக்களின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது.