கோடையில் ஊருக்குப் போவது: ஒரு வழக்கம் உருவான கதை

சித்திரை பிறந்ததும் பள்ளிக்கூடம் மூடி, பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவைப்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். மதுரைப் பக்கம் அது அப்பத்தா வீடு அல்லது அம்மாச்சி வீடு, நெல்லையில் ஆச்சி வீடு, கொங்கு நாட்டில் அமிச்சி வீடு. நுங்கு, பதநீர், மாம்பழம், மோர், மொட்டை மாடியில் காயும் வடகம், ஊர்க் கோயில் கொடை எல்லாம் அந்த ஒன்றரை மாதத்துக்குள் அடங்கும். இந்த வழக்கத்தை ஒருவர் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. வயல் ஓய்ந்திருக்கும் காலமும் பனை பாளை விடும் காலமும் பழையவை. ஆங்கிலேயர் காலத்துப் பள்ளி நாட்காட்டியும் ரயிலும் அவற்றின் மேல் வந்து பொருந்தியபோது இன்றைய கோடை விடுமுறை உருவானது.

வயலிலிருந்து தொடங்குவதே சரி. காவிரிப் படுகையில் சம்பா அறுவடை தை, மாசியோடு முடியும். ஈரம் காயுமுன் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். பங்குனியில் அதையும் பறித்துவிட்டால் நிலம் வெறுமையாகக் கிடக்கும். மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டதற்குப் பிறகு குறுவைக்குத் தண்ணீர் விடும் நாள் ஜூன் 12 என்று வழக்கமாயிற்று. அணை வருவதற்கு முன்பும் புதுத்தண்ணீர் தென்மேற்குப் பருவமழையை நம்பியே வந்தது. மானாவாரி நிலத்திலும் இதே நிலைமைதான். ஆடியில் மழை விழுந்தால்தான் விதைப்பு. ஆகவே பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதங்களில் உழவருக்கு வேலை குறைவு, கையில் ஓரளவு தானியமும் இருக்கும். கல்யாணம், திருவிழா, உறவினர் வீட்டுக்குப் போய்வருவது எல்லாம் இந்த மாதங்களில் வந்து குவிந்ததற்கு இதுவே காரணம்.

மதுரைச் சித்திரைத் திருவிழா இதற்கு நல்ல சான்று. மீனாட்சி திருக்கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது. அழகர் தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். பதினேழாம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் (1623-1659) இரண்டையும் சித்திரையில் மதுரையிலேயே நடக்கும்படி இணைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மாசியில் அறுவடை வேலை இருந்ததால் தேர் இழுக்க ஆள் சேரவில்லை என்று அதற்குக் காரணமும் சொல்வார்கள். விழாவின் சடங்குகளிலேயே வெயில் இருக்கிறது. வைகையை நோக்கி வரும் அழகர் மீது பக்தர்கள் தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறார்கள். வழிநெடுகப் பந்தலில் நீர்மோரும் பானகமும் ஊற்றுகிறார்கள்.

தண்ணீர்ப் பந்தல் அதைவிட மிகப் பழைய அறம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்த கதை வருகிறது. முன்பின் பார்த்திராத ஒருவரின் பெயரை எழுதிவைத்து வழிப்போக்கருக்குத் தண்ணீர் கொடுத்தார் அவர். அந்த மனம் இன்றைக்கும் தெருமுனைகளில் கட்சிக்கொடி கட்டிய பந்தல்களிலும் மிச்சமிருக்கிறது. பந்தலில் கொடுப்பது எளிய பொருள்தான். வெல்லத்தையோ கருப்பட்டியையோ கரைத்து எலுமிச்சையும் சுக்கும் ஏலமும் சேர்த்தால் பானகம். வெண்ணெய் எடுத்த மோரில் நிறையத் தண்ணீர் விட்டு உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டால் நீர்மோர். வியர்வையில் போகும் உப்பையும் நீரையும் இவை உடலுக்குத் திருப்பித் தருகின்றன.

கோடைக்கென்றே வாய்த்த மரம் பனை. மற்ற மரங்கள் வாடும்போது அது பாளை விடும். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் பதநீர் இறக்கலாம். நுங்கு பெண்பனையில் மட்டும் காய்க்கும். பதநீருக்குச் சீவிய பாளையில் நுங்கு வராது என்பதால் எந்த மரத்தை எதற்கு விடுவது என்பதைப் பருவத்தின் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டத்தின் உடன்குடி, திருச்செந்தூர்த் தேரிக்காட்டுப் பகுதியிலும் இராமநாதபுரத்திலும் பனைத்தொழிலின் நாள் இருட்டோடு தொடங்கும். பனையேறி இடுப்பில் அரிவாள்பெட்டியைக் கட்டிக்கொள்கிறார். அதில் பாளையைச் சீவும் கூரிய அரிவாளும் சுண்ணாம்பும் இருக்கும். முதலில் பாளையை மரக்கடிப்பால் இதமாக நசுக்கிப் பக்குவப்படுத்திக் கட்டியிருப்பார். பிறகு ஒவ்வொரு நாளும் அதன் நுனியை மெல்லியதாகச் சீவ வேண்டும். தடித்துச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும், சீவாமல் விட்டால் வடியும் துளைகள் அடைத்துக்கொள்ளும். சீவிய நுனியில் கலயத்தைக் கட்டுமுன் அதன் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார். சுண்ணாம்பு இருந்தால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும், இல்லையென்றால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே சாறு. ஒரு விரல் சுண்ணாம்பு இரண்டையும் பிரிக்கிறது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என நாள்தோறும் முப்பது நாற்பது மரங்கள் ஏறி இறங்குவது ஒருவருடைய வேலை. நெஞ்சிலும் கால்களிலும் தழும்பேறிய இந்த உழைப்புக்கு ஈடான கூலியும் மதிப்பும் எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை.

பருவம் முழுவதும் பனங்காட்டிலேயே ஓலையால் குடிசை போட்டுக் குடும்பம் தங்கும். அதற்கு விடிலி என்று பெயர். ஆண்கள் இறக்கிவரும் பதநீரைப் பெண்கள் அங்கேயே அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். எரிப்பது காய்ந்த ஓலையும் உடைமுள்ளும். ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி. பாகு பதம் வந்ததும் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவார்கள். கருப்பட்டிக்கு அரைக்கோள வடிவம் வந்தது சிரட்டையால்தான். பாகு ஆறும் நேரத்தில் விடிலியைச் சுற்றிக் குழந்தைகள் நிற்பார்கள். ஊருக்கு விடுமுறையில் வந்த பிள்ளைகளும் அதில் சேர்ந்துகொள்வார்கள்.

பதநீரைக் காலை ஒன்பது மணிக்குள் குடிப்பது நல்லது. வெயில் ஏறினால் சுவை மாறும். பனையோலையை மடித்துப் பட்டையாகக் கட்டி, அதில் மாங்காய்த் துண்டோ நுங்கோ போட்டு ஊற்றித் தருவார்கள். தம்ளரில் குடித்தால் அந்த ஓலை மணம் கிடைக்காது. நுங்கை இளசாகச் சீவி, கட்டைவிரலால் கண்ணைக் குத்தி உறிஞ்ச வேண்டும். சில நாள் தாமதித்தாலே அது கல்லாகிவிடும். நுங்கு தின்ற வெற்றுக் காய்களை வீணாக்காமல் இரண்டைக் குச்சியால் இணைத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் நுங்கு வண்டி, தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக விளையாடியது. வெட்டாமல் விட்ட காய் ஆவணி வாக்கில் பனம்பழமாகும்; அதன் கொட்டையைப் புதைத்தால் தைப்பொங்கலுக்குப் பனங்கிழங்கு.

இந்தப் பழைய கோடையின் மேல் ஆங்கிலேயர் தங்கள் நாட்காட்டியை வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் நீதிமன்றங்களுக்கு மே மாத விடுமுறை வந்தது. பள்ளிகளும் வெயிலின் உச்சத்தில் மூடப்பட்டன. இராயபுரத்திலிருந்து 1856இல் கிளம்பிய முதல் ரயிலுக்குப் பின் இருபது ஆண்டுகளில் பாதை தூத்துக்குடி வரை போய்விட்டது. குமாஸ்தாவாக, ஆசிரியராக, வக்கீலாகச் சென்னையில் குடியேறிய குடும்பங்கள் ஆண்டுக்கொருமுறை ஊர் திரும்ப இந்த ரயிலே வழி செய்தது. விடுமுறை என்றால் பயணம், பயணம் என்றால் சொந்த ஊர் என்ற எண்ணம் இப்படித்தான் ஊன்றியது. மத்திய அரசு 1956இல் தன் ஊழியர்களுக்கு விடுப்புப் பயணச் சலுகை தந்தபோதும் முதலில் மனத்தில் வைத்தது சொந்த ஊருக்குப் போய்வருவதையே.

ஊர் வீட்டில் பாட்டிமாருக்கு இதே மாதங்களில்தான் வேலை கூடுதல். ஆண்டு முழுவதற்குமான வற்றலையும் வடகத்தையும் வெயில் இருக்கும்போதே போட்டாக வேண்டும். பங்குனியில் மாவடு, பிறகு மோர்மிளகாய், சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய். அரிசி மாவைக் கூழாகக் கிண்டி, உப்பும் பச்சை மிளகாயும் அரைத்துப் போட்டு, விடியும் முன்னே மாடிக்கு எடுத்துப்போய் வேட்டித்துணியில் பிழிவார்கள். காக்கை விரட்டும் காவல் பிள்ளைகளுக்கு. பாதி காய்ந்த வடகத்தைப் பிய்த்துத் தின்பது அந்தக் காவலுக்கான சம்பளம்.

இந்த வரிசையில் ஜவ்வரிசி வடகம் மிகப் பழையது போலத் தோன்றும். உண்மையில் வயது குறைவு. ஜவ்வரிசி தென்கிழக்காசியாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த பொருள். இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றது. அப்போது, 1943 வாக்கில், சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பஞ்சத்துக்குத் துணையாகப் பரப்பியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். இன்றும் நாட்டின் ஜவ்வரிசி உற்பத்தியில் சேலத்துக்கே முதலிடம்.

குளிர்ச்சியும் ஒருகாலத்தில் கப்பலில் வந்தது. அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர் மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து சென்னைக்கு அனுப்பினார். அதை வைக்க 1842இல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸ் துரைமாருக்கும் பணக்காரருக்கும் மட்டுமே எட்டியது. எந்திரத்தில் ஐஸ் செய்யும் முறை வந்த பிறகுதான் நன்னாரி சர்பத்தும் மதுரை ஜிகர்தண்டாவும் சாமானியர் கைக்கு வந்தன. இங்கிலாந்தில் ஹைரம் காட் 1870களில் உரிமம் பெற்ற குண்டு அடைத்த பாட்டில் இங்கே கோலி சோடாவாயிற்று. விருதுநகரில் 1916இல் காளிமார்க் தொடங்கியது. ரயில் நிலையத்தில் வாங்கிய கலர் சோடா ஊர்ப் பயணத்தின் ஒரு பகுதியானது.

மலைக்குப் போகும் கோடை வேறொரு மரபு, வயதிலும் இளையது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். கோடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் 1845இல் முதல் வீடுகளைக் கட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசே கோடைக்கு உதகைக்கு இடம்பெயர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும் உதகைக்கு 1908இலும் மலை ரயில் வந்தது. ஆனாலும் நெடுங்காலம் அது துரைமாரும் ஜமீன்தாரும் போகும் இடமாகவே இருந்தது. நடுத்தரக் குடும்பங்கள் மலர்க் கண்காட்சிக்கும் படகுச் சவாரிக்கும் கூட்டமாகப் போகத் தொடங்கியது பேருந்து பெருகிய பிறகே. குற்றாலச் சாரலோ பள்ளி திறக்கும் ஜூனில் தொடங்குவதால் அது விடுமுறைக்குள் முழுதாக அடங்கியதே இல்லை.

ஊர்க் கோடைதான் இப்போது மெலிந்துவருகிறது. பாட்டி வீட்டை விற்றுவிட்ட குடும்பங்கள் பல. விடுமுறையிலும் பயிற்சி வகுப்பு வைக்கும் பள்ளிகள் பல. செங்கல் சூளைக்கும் மனைக்கும் பனைகள் வெட்டப்பட்டன. ஏறும் வேலைக்கு இளைஞர் வருவது குறைந்தது. கள்ளுக்குத் தடை இருப்பதால் பதநீரும் கருப்பட்டியும் மட்டுமே வருமானம். அந்தக் கருப்பட்டியிலும் சீனி கலப்பவர்கள் பெருகி நேர்மையானவரின் விலையைக் கெடுத்தார்கள். உடன்குடி கருப்பட்டிக்கு 2023இல் கிடைத்த புவிசார் குறியீடு அதற்கு ஓரளவு காப்பு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதே ஆண்டு பல லட்சம் விதைகளை விநியோகிக்கவும் திட்டமிட்டது. ஊன்றிய விதை பாளை விடப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை பதநீர் தரப்போவது முந்தைய தலைமுறையினர் நட்டு, இன்னும் வெட்டப்படாமல் நிற்கும் மரங்கள்தான்.