வாரம் பெர்சி: ஓர் ஆங்கிலச் சிற்றூரின் தோற்றமும் தொடக்க வரலாறும்

1. ஆய்வுப் பொருள்

வட இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் வோல்ட்ஸ் என்னும் சுண்ணக் குன்றுகளிடையே இருந்த வாரம் பெர்சி, 1500-ஐ ஒட்டி ஆளற்றுப் போனது. பின்னர் அங்கே புதிய ஊர் எழாததால் பழைய அடித்தளங்கள் பெரிதும் கலையாமல் தங்கின. மோரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்ட்டும் தலைமை தாங்க, 1950 முதல் 1990 வரை அகழாய்வு நடந்தது. ஆங்கிலோ-சாக்சன் குடியேறிகள் வந்த காலத்திலேயே ஆங்கிலச் சிற்றூர்கள் உருவாகிவிட்டன என்ற பழைய கருத்து இவ்வூருக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. ஊருக்கு முந்தைய நிலை

இரும்புக் காலத்திலும் ரோமானியர் காலத்திலும் இங்கே பண்ணைகள் இருந்தன. 8-ஆம் நூற்றாண்டுச் சாக்சன் எச்சங்களும் ஓரிடத்தில் குவியாமல் பல இடங்களில் சிதறியே கிடைத்தன. உலோகத் தொழில் நடந்ததற்கும் தடயம் உண்டு. ஆக, மக்கள் வாழ்ந்தனர். வீடுகள் நெருங்கி அமைந்த ஊர்தான் இன்னும் உருவாகவில்லை.

3. மனை வகுப்பு

பிற்கால ஊரில் நீள்மனைகள் வரிசை பிடித்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் முகப்பில் வீடு, பின்னால் கொல்லை. தானாகப் பெருகிய குடியிருப்பில் இந்த ஒழுங்கு வருவதரிது. அளந்து பகுத்துக் கொடுத்த கை ஒன்று இருந்திருக்க வேண்டும். அது யாருடையது என்பதில் இரு கருத்துகள் உள்ளன. ஸ்காண்டிநேவியர் ஆதிக்கக் காலத்து நிலத்தலைவர்கள் என்பது ஒன்று. 1069–70-இல் முதலாம் வில்லியம் வடபுலத்தைப் பாழாக்கிய பின் வந்த நார்மன் பிரபுக்கள் என்பது மற்றொன்று. இவ்வூரில் 10-ஆம் நூற்றாண்டில் ஒரு மரத் தேவாலயம் இருந்தது. அது முதற்கருத்துக்கு வலுவூட்டினாலும், தேவாலயம் இருந்ததாலேயே மனைகளும் அப்போதே பிரிக்கப்பட்டன என்று கொள்ள இயலாது. 1086-இன் டூம்ஸ்டே ஏடு நிலத்தைக் கணக்கிடுகிறதேயன்றி மனை வரிசையைச் சொல்வதில்லை.

4. மாறிய மனைகள்

குடியானவர் வீடுகளுக்கு அடியில் தோண்டியபோது, 12-ஆம் நூற்றாண்டுப் பிரபு மாளிகை ஒன்றின் கற்சுவர் நிலவறை வெளிப்பட்டது. பிரபு வாழ்ந்த இடமே பின்னாளில் உழவருக்கு மனையாகியிருக்கிறது. ஆகவே மனைப் பகுப்பும் ஒரே தடவையில் முடிந்துவிடவில்லை.

5. முடிவு

சிதறிய பண்ணைகள் ஊராகத் திரண்டதில் நிலவுடைமை அதிகாரத்தின் பங்கு பெரிது. ஊர் அழிந்ததிலும் அதே அதிகாரத்தைக் காண்கிறோம். 1348–49 கொள்ளைநோய்க்குப் பிறகும் இங்கே குடிகள் தொடர்ந்து வாழ்ந்தனர். கடைசிக் குடும்பங்களை வெளியேற்றியது, நிலத்தை ஆட்டு மேய்ச்சலுக்குத் திருப்பிய நிலப்பிரபுவின் முடிவே.